85–89 ஆ, 91–95 ஆ: பூஸ்ட்-2 ஆய்வில் சேர்க்கை பாதியில் நின்ற நிகழ்வு

2010 டிசம்பரில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்துகொண்டிருந்த பூஸ்ட்-2 ஆய்வில் புதிதாகக் குழந்தைகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கர்ப்பத்தின் 28 வாரம் நிறையும் முன்பே பிறந்த குழந்தைகளுக்கு ரத்த ஆக்சிஜன் செறிவை (இனி சாச்சுரேஷன்) 85–89 சதவீதத்தில் வைப்பதா, 91–95 சதவீதத்தில் வைப்பதா என்பதே ஆய்வின் கேள்வி. திட்டமிட்ட எண்ணிக்கை எட்டப்படவில்லை. தொடரலாம் என்று சொல்லவும் காரணங்கள் இருந்தன. எந்தத் தரவை வைத்து, ஏன் நிறுத்தினார்கள், பிறகு வந்த தரவு அந்த முடிவைத் தாங்கியதா என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கிறோம்.

பின்னணி

குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. கூடினால் விழித்திரை ரத்தநாளங்கள் தாறுமாறாக வளரும் ஆர்ஓபி என்ற நோய் வரும். முற்றினால் பார்வை போகும். 1940களில் அமெரிக்காவில் பெருகிய இந்தக் குருட்டுத்தன்மைக்கும் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1951-ல் மெல்போர்னிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. 1953-ல் தொடங்கி அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதன்பின் பல இடங்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. ஆர்ஓபி சரிந்தது. ஆனால் காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973-ல் பிரிட்டனில் ஒரு கணக்கு வெளியானது. அது மதிப்பீடுதான், நேரடியாக எண்ணியது அல்ல. ஆனாலும் கண்ணை மட்டும் பார்த்து ஆக்சிஜனைக் குறைக்கும்போது உயிரை யார் எண்ணுகிறார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

தோல் வழியே ஒளி பாய்ச்சிச் சாச்சுரேஷனைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் புழக்கத்துக்கு வந்தபின் ஆக்சிஜனைத் தொடர்ந்து கண்காணிக்க முடிந்தது. எந்த எண்ணில் நிறுத்துவது என்பதற்கு மட்டும் நல்ல ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் மகப்பேறு மருத்துவர்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட வழிகாட்டி 85–95 என்று அகலமான வரம்பைச் சொன்னது. சில மருத்துவமனைகள் இலக்கைக் கீழே இறக்கியதும் ஆர்ஓபி வெகுவாகக் குறைந்ததாக எழுதின. ஆனால் அவை முன்-பின் ஒப்பீடுகளும், ஒரு மருத்துவமனையை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தவையும்தான். சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்தவை அல்ல.

ஆக, ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த வரம்பின் கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் எதிரெதிரே வைக்கும் ஐந்து ஆய்வுகள் திட்டமிடப்பட்டன: அமெரிக்காவின் சப்போர்ட், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் தனித்தனியே நடந்த பூஸ்ட்-2, கனடா தலைமையிலான சி.ஓ.டி. ஐந்தின் தரவையும் குழந்தைவாரியாக ஒன்றுசேர்த்துப் பார்ப்பது என்று முடிவுகள் கைக்கு வரும் முன்பே ஒப்பந்தமும் ஆனது. அந்தக் கூட்டுத் திட்டத்தின் பெயர் நியோப்ராம்.

ஆய்வின் அமைப்பும் அதில் ஒரு நுணுக்கமும்

பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தை சேர்க்கப்படும். தாயின் கர்ப்பக் கணக்கில் 36 வாரம் வரும்வரை இலக்கு பின்பற்றப்படும். செவிலியருக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும். இதற்காகவே மாற்றியமைத்த, மாசிமோ நிறுவனத்தின் ஆக்சிமீட்டர்கள் பயன்பட்டன. எல்லாப் படுக்கைக்கும் ஒரே கட்டளைதான்: திரையில் 88–92 இருக்கட்டும். கீழ் இலக்குக் குழுவின் கருவி உண்மை அளவைவிட 3 கூட்டிக் காட்டும். மேல் இலக்குக் குழுவின் கருவி 3 குறைத்துக் காட்டும். திரையில் 90 தெரிந்தால் ஒரு குழந்தைக்கு உண்மையில் 87, பக்கத்துக் குழந்தைக்கு 93. பாதுகாப்புக்காக, இலக்குப் பகுதியை விட்டு வெகுவாக விலகும்போது கருவி உண்மை எண்ணுக்குத் திரும்பிவிடும்.

மறைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கூட்டலோ கழித்தலோ மறைந்து உண்மை எண்ணுக்கு மாறும் இடத்தில் குழந்தையின் மாற்றமும் திரையின் மாற்றமும் ஒரே அளவில் நடக்காது. செவிலியர் ஆக்சிஜனைச் சற்றே திருகினாலும் எண் எதிர்பாராத அளவு தாவும். தவிர, எந்த ஆக்சிமீட்டரும் ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் எவ்வளவு உறிஞ்சப்பட்டன என்ற விகிதத்தை எடுத்து, கருவிக்குள் பதிந்திருக்கும் அட்டவணையில் அதற்கு நேரான சாச்சுரேஷனைக் காட்டுகிறது. அந்த அட்டவணை, ஆரோக்கியமான பெரியவர்களிடம் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுத் தயாரிக்கப்படுவது. பச்சிளம் குழந்தையிடம் பிழை கூட்டியோ குறைத்தோ 3 புள்ளி அளவில் இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். ஒப்பிடப்படும் இரண்டு இலக்குகளின் அகலமே தலா 4 புள்ளிதான்.

கவனிக்கப்பட்டது: காணாமல் போன எண்கள்

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆக்சிமீட்டர்களில் சேமித்திருந்த தரவை இறக்கிப் பார்த்த பிரிட்டன் குழுவினருக்கு ஒரு விநோதம் தென்பட்டது. எந்தச் சாச்சுரேஷன் எத்தனை முறை பதிவாகியிருக்கிறது என்று வரைந்தால் வழவழப்பான ஒரே மேடு வர வேண்டும். ஆனால் 87 முதல் 90 வரையான இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. குழந்தைகள் அந்த எண்களைத் தாண்டிக் குதிப்பதில்லை, குதித்தது கருவி.

காரணம் உள்ளே இருந்த அட்டவணை வளைவில் ஒரு மேல்நகர்வு. 87–90 என்று வர வேண்டியவை 1 முதல் 2 புள்ளி கூடுதலாகத் தெரிந்தன. ஆய்வுக்காகச் செய்த மாற்றம் இதற்குப் பொறுப்பல்ல; சாதாரணமாக விற்பனையான கருவிகளிலும் இது இருந்தது. அன்றாடச் சிகிச்சையில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் 4 புள்ளி அகல இலக்குகளை ஒப்பிடும் ஆய்வுக்கு 2 புள்ளி என்பது பாதி இலக்கு. கோளாறு விழுந்த இடமும் சரியாக இரு குழுக்களையும் பிரிக்க வேண்டிய எல்லையில் இருந்தது. அதனால் இரு குழுக்களும் உண்மையில் அனுபவித்த ஆக்சிஜன் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது.

நிறுவனம் திருத்திய மென்பொருளைத் தந்தது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ பாதிச் சேர்க்கை முடிந்த நிலையில் கருவிகள் மாற்றப்பட்டன. நியூசிலாந்து தன் 340 குழந்தைகளையும் பழைய மென்பொருளோடு சேர்த்து முடித்துவிட்டது. சப்போர்ட் முழுவதுமே பழைய மென்பொருளில்தான் நடந்தது.

மென்பொருளை இடையில் மாற்றியதால் ஒரே ஆய்வு நடைமுறையில் இரண்டாகப் பிரிந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் வரைவு நேர்த்தியாக இருந்திருக்கும். ஆனால் தவறென்று தெரிந்த கருவியைக் குழந்தையின் காலில் கட்டி வைத்திருக்க வேண்டியிருக்கும். மாற்றியதுதான் சரி.

2010 மே: பக்கத்து ஆய்விலிருந்து வந்த செய்தி

சப்போர்ட் 1,316 குழந்தைகளின் முடிவை வெளியிட்டது. அதன் முதன்மை அளவுகோல் 'கடுமையான ஆர்ஓபி அல்லது மரணம்' என்ற கூட்டு. கீழ் இலக்கில் 28.3%, மேல் இலக்கில் 32.1%. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. இந்த ஒரு வரியோடு நிறுத்தியவர்கள் 'இரண்டும் ஒன்றுதான், சற்றுக் கீழே வைப்பது நல்லது' என்று முடிவுக்கு வந்திருக்கலாம்.

கூட்டைப் பிரித்தால் கதை வேறு. உயிர்பிழைத்தவர்களில் கடுமையான ஆர்ஓபி கீழ் இலக்கில் 8.6%, மேல் இலக்கில் 17.9%. வீடு திரும்பும் முன் மரணம் கீழ் இலக்கில் 19.9%, மேல் இலக்கில் 16.2%. ஒன்று இறங்கியது, மற்றொன்று ஏறியது. கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஆர்ஓபிக்கு லேசர் உண்டு, கண்ணுக்குள் செலுத்தும் ஊசி உண்டு. மரணத்துக்கு என்ன உண்டு? சம மதிப்பு இல்லாத இரண்டை ஒரே கூட்டில் வைத்தால் 'வேறுபாடு இல்லை' என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது.

இன்னொரு நுணுக்கம்: ஆர்ஓபி உயிரோடிருக்கும் குழந்தைக்கே எண்ணப்படுகிறது. கீழ் இலக்குக் குழுவில் மிக நலிந்த குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தால், ஆர்ஓபி வரக்கூடியவர்களே கணக்கிலிருந்து வெளியேறியிருப்பார்கள். 8.6% என்ற நல்ல எண்ணில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இருந்தாலும் மரண வேறுபாடு தற்செயலுக்கான எல்லையை ஒட்டியே நின்றது (பி மதிப்பு 0.04). முதன்மை அளவுகோலும் அதுவல்ல. இதை மட்டும் வைத்து ஆய்வை நிறுத்த முடியாது. கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது.

2010 டிசம்பர்: எடுத்த முடிவு

பூஸ்ட்-2 ஆய்வுகளின் தரவுக் கண்காணிப்புக் குழுக்கள் ஒன்றுகூடிப் பாதுகாப்புக் கணக்கு ஒன்றைப் பார்த்தன. இந்தக் குழுவினர் ஆய்வை நடத்துபவர்கள் அல்லர். எந்தக் குழந்தை எந்தக் குழு என்ற திறந்த தரவைப் பார்க்க உரிமை பெற்றவர்கள். நிறுத்துவதற்கான அளவுகோல் கடுமையாக இருந்தது: வேறுபாடு 3 நியமப் பிழையை (தற்செயலான ஊசலாட்டத்தை அளக்கும் அலகு) தாண்ட வேண்டும். வழக்கமான 95% நம்பிக்கை வரம்புக்குப் பதில் 99.73%. இடையிடையே எட்டிப் பார்க்கும்போது தற்செயலான ஏற்றத்தாழ்வில் ஏமாறாமல் இருக்கத்தான் இந்தக் கடுமை.

மூன்று பூஸ்ட்-2 ஆய்வுகளின் 2,315 குழந்தைகளோடு சப்போர்ட் குழந்தைகளையும் சேர்த்து, 36 வாரத்தில் உயிரோடிருந்தவர்களை எண்ணினார்கள். மொத்தத்தில் கீழ் இலக்கில் மரணம் 17.3%, மேல் இலக்கில் 14.4%. இது மட்டுமென்றால் தொடர்ந்திருக்கலாம். திருத்திய மென்பொருளோடு சிகிச்சை பெற்ற 1,055 குழந்தைகளைத் தனியே பார்த்தபோது கீழ் இலக்கில் 21.8%, மேல் இலக்கில் 13.3%. அது அந்தக் கடுமையான எல்லையையும் தாண்டியிருந்தது.

உட்பிரிவுக் கணக்குகளை நம்பக்கூடாது என்பது பொதுவான பாடம். தேடிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு மூலையில் வேறுபாடு அகப்படும். இங்கே அந்த எச்சரிக்கையின் கனம் குறைவு. உட்பிரிவு முடிவைப் பார்த்தபின் உருவானதல்ல. கருவிக் கோளாறு என்ற பௌதிகக் காரணத்தால் முன்பே பிரிந்தது. கோளாறு நீங்கியதும் இரு குழுக்களின் சாச்சுரேஷன் நன்றாகப் பிரிந்தது. சிகிச்சை வேறுபாடு கூடினால் விளைவு வேறுபாடும் கூட வேண்டும், அதுவே நடந்தது. இன்னொரு ஆய்வும் சுயேச்சையாக அதே திசையைக் காட்டியிருந்தது.

தொடர வேண்டும் என்பதற்கும் வலுவான வாதம் இருந்தது. முதன்மைக் கேள்வி 36 வார மரணம் அல்ல. இரண்டு வயதில் மரணமோ கடும் ஊனமோ இல்லாத வாழ்க்கை. பாதியில் நிறுத்தினால் அந்தக் கேள்விக்கு விடை மங்கும். தவிர, முன்கூட்டி நிறுத்தும் ஆய்வுகள் விளைவை மிகைப்படுத்தவே செய்யும், ஏனெனில் எண் உச்சத்தைத் தொடும் தருணத்தில்தான் நிறுத்துகிறோம். இவை தெரிந்தே குழுக்கள் சேர்க்கையை நிறுத்தப் பரிந்துரைத்தன. மறுநாள் பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோரிடம் 'இரண்டில் எது நல்லதென்று எங்களுக்குத் தெரியாது' என்று நேர்மையாகச் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. ஏற்கெனவே சேர்ந்த குழந்தைகளை இரண்டு வயதுவரை பின்தொடர்வது நிறுத்தப்படவில்லை.

அடுத்து வந்தவை

2013-ல் பூஸ்ட்-2 தன் 2,448 குழந்தைகளின் முழுக் கணக்கை வெளியிட்டது. திருத்திய மென்பொருளில் 1,187 பேர்: மரணம் கீழ் இலக்கில் 23.1%, மேல் இலக்கில் 15.9%. பழைய மென்பொருளில் வேறுபாடு இல்லை. எல்லோரையும் சேர்த்தால் ஆர்ஓபி கீழ் இலக்கில் 10.6%, மேல் இலக்கில் 13.5%, குடல் அழுகும் நோயான என்இசி கீழ் இலக்கில் 10.4%, மேல் இலக்கில் 8.0%.

அதே ஆண்டு வந்த கனடா ஆய்வு இதை ஆமோதிக்கவில்லை. 1,201 குழந்தைகளில் மரணம் கீழ் இலக்கில் 16.6%, மேல் இலக்கில் 15.3%; மரணமோ ஊனமோ கீழ் இலக்கில் 51.6%, மேல் இலக்கில் 49.7%. இரண்டிலும் வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள்தான். அங்கே சேர்க்கை 2010 ஆகஸ்டிலேயே முடிந்திருந்ததால் நிறுத்துவது பற்றிய கேள்வியே எழவில்லை. சிலர் இதை வைத்து பூஸ்ட்-2 அவசரப்பட்டது என்றார்கள். திசை அங்கும் மாறவில்லை, அளவுதான் சிறியது என்பதே எங்கள் வாசிப்பு.

பூஸ்ட்-2-இன் இரண்டு வயதுக் கணக்கு 2016-ல் வந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா இரண்டையும் சேர்த்தால் மரணமோ ஊனமோ கீழ் இலக்கில் 48.1%, மேல் இலக்கில் 43.1%.

முடிவான எடைபோடல் 2018-ன் நியோப்ராம். ஐந்து ஆய்வுகள், 4,965 குழந்தைகள். மரணமோ பெரும் ஊனமோ (கீழ் இலக்கின் எண் முதலில்): 53.5%, 51.6%, வேறுபாடு இல்லை. ஆனால் மரணம் தனியே 19.9%, 17.1%. கடும் என்இசி 9.2%, 6.9%. சிகிச்சை தேவைப்பட்ட ஆர்ஓபி 10.9%, 14.9%. பார்வை இழப்பில் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தை எண்ணிக்கையாகச் சொன்னால், கீழ் இலக்கில் வைக்கும் ஏறத்தாழ 36 குழந்தைகளுக்கு ஒரு மரணம் கூடுதல். 25 குழந்தைகளுக்கு ஒரு ஆர்ஓபி சிகிச்சை மிச்சம்.

நிறுத்தியபோது கண்ட 8.5 புள்ளி வேறுபாடு, அதே வகைக் குழந்தைகளின் முழுக் கணக்கில் 7.2 ஆகி, ஐந்து ஆய்வுகளின் சேர்க்கையில் 2.8 ஆகச் சுருங்கிவிட்டது. ஒரு பகுதி, முன்கூட்டி நிறுத்தியதன் மிகை. இன்னொரு பகுதி, பழைய மென்பொருளில் மங்கிய தரவும் கலந்ததன் விளைவு. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. 2.8 என்பதையே பெற்றோரிடம் சொல்லத்தக்க எண்ணாகக் கொள்கிறோம், 8.5-ஐச் சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை.

சப்போர்ட்டுக்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. அதன் ஒப்புதல் படிவங்களில் மரணம் உள்ளிட்ட அபாயங்கள் போதுமாகச் சொல்லப்படவில்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் 2013 மார்ச்சில் கடிதம் எழுதியது. பெரும் விவாதம் கிளம்பியதால், அந்த அலுவலகம் அதே ஆண்டு தன் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. 'இரண்டுமே வழக்கமான சிகிச்சையின் வரம்புக்குள்தான்' என்ற வாதம் பெற்றோரைத் திருப்திப்படுத்தவில்லை. வரம்பின் நடுவில் இருந்திருக்கக்கூடிய குழந்தையை ஒரு ஓரத்துக்கு நகர்த்துகிறோம் என்பதைப் படிவம் சொல்லியிருக்க வேண்டும்.

படுக்கையருகே மாறியது

ஐரோப்பிய வழிகாட்டி 2016 முதல் இலக்கு 90–94, அலாரம் 89-லும் 95-லும் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பின் 2016 அறிக்கையும் 85–89-ஐவிட 90–95 சில குழந்தைகளுக்காவது பாதுகாப்பானதாக இருக்கலாம் என்று தயக்கத்தோடு சாய்ந்தது. இந்த எண்களை ஆய்வில் சோதித்துக் கண்ட துல்லியமான வெட்டுக்கோடாக எண்ணக்கூடாது. யாரும் 90–94-ஐ நேரடியாகச் சோதிக்கவில்லை. மேல் இலக்கின் பாதுகாப்பையும் அதிக ஆக்சிஜனின் அச்சத்தையும் பார்த்து எடுத்த சமரசம் அது.

நடைமுறையில் பிழை பெரும்பாலும் எண்ணில் நேர்வதில்லை, அலாரத்தில் நேர்கிறது. கத்துகிறதே என்று மேல் அலாரத்தை 98-க்கோ 100-க்கோ ஏற்றிவிட்டால் இலக்கு காகிதத்தோடு நின்றுவிடும். வெளி ஆக்சிஜன் வாங்கும் குழந்தையிடம் சாச்சுரேஷன் 95-ஐத் தாண்டினால் ரத்த ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு உயர்ந்தது என்று ஆக்சிமீட்டரால் சொல்லவே முடியாது. சாச்சுரேஷனையும் அழுத்தத்தையும் இணைக்கும் வளைவு அங்கே தட்டையாகிவிடுகிறது. வெறும் காற்றில் இருக்கும் குழந்தைக்கு 99 வந்தால் கவலையில்லை. அப்போது மேல் அலாரம் தேவையில்லை. ஆக்சிஜனை மீண்டும் தொடங்கும் கணத்திலேயே அதைத் திரும்பப் போட வேண்டும். மறப்பது இந்த இடத்தில்தான்.

எண் இறங்கியதும் ஆக்சிஜனைத் திருகுவது கடைசி வேலை. முதலில் அலைவடிவம் ஒழுங்காக இருக்கிறதா, சென்சார் நழுவியதா, திரையின் நாடித்துடிப்பு ஈசிஜியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து மூச்சு, தலை வைத்திருக்கும் விதம், மூக்கில் சளி, சிபேப் (மூச்சுக்குழாய்க்குத் தொடர் காற்றழுத்தம் தரும் கருவி) முனை. இவை சரியென்றால் மட்டும் ஆக்சிஜனை 2 முதல் 5 சதவீதம் கூட்டிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மீண்டதும் பழைய அளவுக்குக் கொண்டுவராமல் நகர்ந்துவிட்டால், அடுத்த அரைமணி நேரம் குழந்தை 98-ல் கிடக்கும். இறங்கியது ஒரு நிமிடம், ஏறிக் கிடந்தது முப்பது நிமிடம் என்ற கணக்கு இப்படித்தான் உருவாகிறது.

நம் ஊர்ப் பிரிவுகளுக்கு

இந்த ஆதாரம் 28 வாரத்துக்குட்பட்ட குழந்தைகளிடமிருந்து வந்தது. இந்தியாவிலோ 30, 32 வாரக் குழந்தைகளுக்கும் முற்றிய ஆர்ஓபி வருகிறது. அதனால் இங்கே இலக்கை 85–89-க்கு இறக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் அந்தப் பெரிய குழந்தைகளின் கண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் கலக்காத தூய ஆக்சிஜனும் அளக்காமல் விட்ட மணி நேரங்களும்தான். 93-ல் வைத்த இலக்கைக் குறை சொல்வதில் பொருளில்லை.

காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் கருவி இல்லாத இடத்திலும் கலக்க முடியும். காற்று 9 லிட்டரும் ஆக்சிஜன் 1 லிட்டரும் சேர்ந்தால் ஏறத்தாழ 29%. தலா 5 லிட்டர் என்றால் 60%. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையில் சேமிப்புப் பை இணைத்திருந்தால் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல் போகும். கழற்றினால் ஏறத்தாழ 40. பிரசவ அறையிலிருந்து என்ஐசியூவுக்கு (பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) கொண்டுபோகும் வழியில், ஆம்புலன்ஸில், சிலிண்டரிலிருந்து நேரே 100% போவதை யாரும் எழுதிவைப்பதில்லை. கணக்கில் வராத ஆக்சிஜன் அதுதான்.

கண் பரிசோதனையை இலக்கு எண் ஈடுசெய்யாது. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ என்றால் 2–3 வாரத்தில். 1996-ல் சென்னையில் 29-ஆம் வாரத்தில் பிறந்து, பரிசோதனை செய்யப்படாமல் பார்வை இழந்த பெண் குழந்தைக்கு 2015-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கிய தீர்ப்பு, தவறிய அந்தப் பரிசோதனையைப் பற்றியதே.

மீண்டும் இப்படி ஓர் ஆய்வு செய்தால்

முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே கருவியின் எண் பரவலை வரைந்து பார்க்க வேண்டும். சில நூறு மணி நேரத் தரவு போதும், 87–90 பள்ளம் தெரிந்திருக்கும். மரணத்தை ஆர்ஓபியோடு கூட்டாமல் தனியே அறிவிக்க வேண்டும். ஒப்பிடும் குழுக்கள் எந்த இலக்கில் 'வைக்கப்பட்டன' என்பதோடு, உண்மையில் எத்தனை சதவீத நேரம் எங்கே இருந்தன என்பதையும் முதல் அட்டவணையிலேயே கொடுக்க வேண்டும்.

இன்னும் திறந்திருக்கும் கேள்வி, ஒரே இலக்கு எல்லா வாரத்துக்கும் பொருந்துமா என்பது. முதல் சில வாரங்களில் விழித்திரை நாளங்களின் வளர்ச்சி நின்றுபோகும் காலத்துக்கும், 32 வாரத்துக்குப் பிறகு அவை கட்டுமீறி வளரும் காலத்துக்கும் வேறு வேறு எண் வேண்டியிருக்கலாம். ஐந்து ஆய்வுகளும் தொடக்கம் முதல் ஒரே எண்ணையே பிடித்திருந்ததால், இதற்கான விடையை அவற்றிலிருந்து எடுக்க முடியாது. அதுவரை எங்கள் பரிந்துரை 90–94, அலாரம் 89-லும் 95-லும், ஒவ்வொரு பணிமுறை மாற்றத்திலும் இரண்டு செவிலியர் சேர்ந்து அலாரத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவது.